சிங்கிள் மால்ட் சுவைஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் பதினொரு உறுப்பினர்களே, வராமலே "அறிக்கையை அனுப்பி வையுங்கள்" என்று கேட்டிருக்கும் ஏனைய உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. விஸ்கி சுவைக்கும் மாலைகளில், ஷெர்ரி என்ற ஸ்பெயின் நாட்டு ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்தவற்றுக்கான மாலை நடந்தது. நம் சிங்கிள் மால்ட் முளைவிட்ட பார்லியில் ஒரே ஆலை வடித்தது; பல ஆலைகளின் விஸ்கியைக் கலந்த பிளெண்ட் வகைகளுக்கான மாலை ஆள் சேராமல் நின்றுபோனது. சுவைக்கும் கிளாஸ் ஒரு டஜன் வாங்கினோம், பத்து இருக்கின்றன.

அடுத்தது பீட் மாலை, அதாவது புகை மணக்கும் விஸ்கிகளுக்கான மாலை. செயலாளர் தன் ஆசைக்குச் சங்கப் பணத்தைச் செலவழித்துவிட்டார் என்ற பேச்சு என் காதுக்கும் வந்ததால், இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

வாங்கியவை மூன்று பாட்டில்கள். மூன்றும் ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலுள்ள லகவூலின் ஆலையுடையவை. ஒன்று, எல்லோருக்கும் தெரிந்த 16 ஆண்டு, அதாவது பீப்பாயில் அத்தனை ஆண்டு முதிர்ந்தது. இரண்டாவது, பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெர்ரி இருந்த பீப்பாயில் மறுபடி முதிர்ந்த டிஸ்டில்லர்ஸ் எடிஷன். மூன்றாவதுதான் சண்டைக்குக் காரணம்: 2021-இல் வந்த 11 ஆண்டு மால்ட். கின்னஸ் பீர் ஊறிய பீப்பாயில் கடைசி நான்கு மாதம் கிடந்தது. அந்தப் பீப்பாயும் அதற்கு முன் போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்ததுதான்.

வெவ்வேறு ஆலைகளின் மூன்றை வாங்கியிருந்தால் செலவு குறைந்திருக்கும் என்றார் பொருளாளர். குறைந்திருக்கும். ஆனால் புகையும் மாறியிருக்கும், பீப்பாயும் மாறியிருக்கும். எது எதன் வேலை என்று யார் சொல்வது? சதுப்பில் மக்கிப் படிந்த பீட்டை எரித்து, முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். அப்படி உலர்த்திய லகவூலின் பார்லியில், புகை மணம் தரும் பீனால் சுமார் 35 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 35 பங்கு. இந்த எண் பார்லியில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. வடிப்பிலும் முதிர்ச்சியிலும் அது குறைந்துகொண்டே போகும். எண்ணை வைத்து விஸ்கியை எடைபோடும் நம் நண்பர்கள் இதை ஒரு முறையாவது கேட்க வந்திருக்கலாம். வயதும் வேறுபடுகிறதே என்ற ஆட்சேபணை நியாயமானது, ஏற்கிறேன்.

பாட்டில்களைத் தாளில் சுற்றி வைத்தேன். முதலில் மோந்து பார்க்க வேண்டும் என்று அழைப்பிலேயே எழுதியிருந்தும், ஒருவர் அத்தர் பூசி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். 16 ஆண்டில் டிங்சர் வாடை, அதன் பின்னே உப்பு. ஷெர்ரி பீப்பாயில் அதே புகைமேல் உலர்திராட்சை இனிப்பு. மூன்றாவதில் புகை அடங்கிப்போகும் என்று எதிர்பார்த்தேன், அடங்கவில்லை. வறுத்த காபிக் கொட்டையின் கசப்போடு சேர்ந்து, அடுப்பை அணைத்த பிறகு எழும் மணமாக மாறியது. சில சொட்டுத் தண்ணீர் விட்டதும் கசப்பு விலகி சாக்லேட் வந்தது. அதுதான் 16 ஆண்டு என்று தலைவர் அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். நடவடிக்கைக் குறிப்பேட்டில் அதை நான் ஏற்றவில்லை.

"பீர்ப் பீப்பாயில் போட்டால் அது ஸ்காட்ச்சா?" என்று ஓர் உறுப்பினர் எழுத்து மூலம் கேட்டிருந்தார். ஆம். பீப்பாய் ஓக் மரமாக இருக்க வேண்டும், 700 லிட்டரைத் தாண்டக் கூடாது, குறைந்தது மூன்று ஆண்டு முதிர வேண்டும். 2019-இல் விதியைத் தளர்த்தியபின் மெக்சிகோ மதுவகைகளான டெகீலா, மெஸ்கால், பிரான்சின் ஆப்பிள் பிராந்தியான கல்வடோஸ் ஆகியவற்றின் பீப்பாய்களுக்கும் இடமுண்டு. பீச், பிளம் போல நடுவில் ஒற்றைக் கொட்டையுள்ள பழங்களில் செய்த மதுவின் பீப்பாய்க்கு இடமில்லை. நொதித்த பிறகு பழமோ சுவையூட்டியோ கலந்த பீரின் பீப்பாய்க்கும் இல்லை. கேள்வி கேட்ட உறுப்பினர் நேரில் வந்திருந்தால் பதில் கிளாஸிலேயே கிடைத்திருக்கும்.

இருபத்து நான்கு பேரில் அன்று வந்தவர்கள் ஒன்பது பேர். வராதவர்களில் மூவர், தங்கள் பங்கைச் சிறு பாட்டிலில் எடுத்து வைக்கச் சொன்னார்கள். அந்த மூவரில் இருவருக்கு இரண்டாண்டுச் சந்தா பாக்கி. பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

வரவும் செலவும் ஏறக்குறைய சமம். சிறு வித்தியாசம் தற்காலிகமாக என் கைப்பணத்தில் நிற்கிறது. ரசீதுகள் உறையில் உள்ளன. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம், இதுவரை யாரும் விரும்பவில்லை.

இடம் தந்தவருக்கும், கிளாஸ் கழுவிய இருவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் டெகீலா பீப்பாயில் கிடந்த பீட் மால்ட் ஒன்றை வாங்கும் எண்ணம் இருக்கிறது. எண்ணம் மட்டும்தான் இருக்கிறது. பொருளாளர் இன்று வாசலருகே ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது தற்செயலே.

கின்னஸ் பீப்பாயில் கிடந்த அந்த விஸ்கி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மீதமுண்டு, என் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. காற்று புகுந்த பாட்டிலில் நாளாக ஆகப் புகை தளரும். சந்தா கட்டியவர்கள் எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்