மெட்ராஸில் அச்சான கனவு: சித்ரா கணேஷுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சித்ரா கணேஷ் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்து வளர்ந்த ஓவியக் கலைஞர். ஆனால் சின்ன வயதில் நாம் படித்தது ஒரே காமிக்ஸ்தான், அமர் சித்திரக் கதை. அதில் நாயகி சிவப்பாக இருப்பாள், அரக்கி கறுப்பாக இருப்பாள். கறுப்பாகப் பிறந்த எனக்கு அந்தப் பக்கங்களில் எங்கே இடம் என்று ரொம்ப நாள் தேடியிருக்கிறேன். 2002இல் அதே கட்டங்களையும் பேச்சுக் குமிழிகளையும் எடுத்துக்கொண்டு நீங்கள் செய்த படங்களை இணையத்தில் பார்த்த அன்று, அந்தத் தேடல் நின்றது. உங்கள் பெண்களுக்குக் கை கால்கள் கூடுதலாக முளைக்கின்றன, சில சமயம் துண்டாகித் தனியே நிற்கின்றன. குமிழிக்குள் இருக்கும் வரிகள் கதையை விளக்குவதும் இல்லை, யாருக்கும் புத்தி சொல்வதும் இல்லை.

நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகத்தில் 2018இல் பழைய இமயமலைக் கலைப்பொருட்களுக்கு நடுவே உங்கள் அனிமேஷன்களை ஓடவிட்டீர்கள். அதுவும் பிடிக்கும். ஆனால் நான் எழுத வந்தது அதே ஆண்டு நீங்கள் செய்த 27 லினோகட் அச்சுகளைப் பற்றி, அதாவது லினோலியம் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் எடுத்த படங்களைப் பற்றி.

அவற்றுக்கு அடிப்படை ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’. வங்காளத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கதை 1905இல் முதலில் அச்சானது எங்கள் மெட்ராஸில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும்! கதையில் வரும் நாட்டில் ஆண்கள்தான் வீட்டுக்குள் இருப்பார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று பலூன் கட்டி மேகத்திலிருந்து நேராகத் தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று வெயிலின் சூட்டைச் சேமிக்கிறது. படையெடுத்து வந்தவர்களை அந்தச் சூட்டைப் பாய்ச்சியே விரட்டிவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர்களுடைய சமையலறை. கரியும் இல்லை, புகையும் இல்லை, வெயிலிலேயே சமையல். விறகடுப்பை ஊதி ஊதிக் கண் சிவந்த அம்மாவின் மகளுக்கு அதைத் தாண்டி அடுத்த பக்கம் போவது சுலபமில்லை.

இதற்கு லினோகட்டைத் தேர்ந்தெடுத்தீர்களே, அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தையெல்லாம் உளியால் செதுக்கி எடுக்க வேண்டும், மிச்சமிருக்கும் மேட்டில்தான் மை ஒட்டும். படத்தையும் இடவலம் மாற்றியே செதுக்க வேண்டும். இன்னும் வராத காலத்தை இப்படிக் கையால் செதுக்கும்போது, அது யாரோ உழைத்துக் கட்டிய ஊர் போலத் தெரிகிறது. கணினியில் வழுவழுவென்று வரைந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

சரி, ஒரு வேண்டுகோள். அந்த 27 தாள்களும் சென்னையில் ஒரே சுவரில் வரிசையாக மாட்டப்பட வேண்டும். கதை அச்சான ஊர் இது. அப்படி நடந்தால் நீங்களும் வாருங்கள். முதல் நாளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நின்று கதையைத் தமிழில் சொல்ல நான் தயார்.

அன்புடன்,
உங்கள் வாசகி