ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாயே

பாப்பாரப்பட்டி,
மாசி மாதம், செவ்வாய் இரவு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் மருமகளின் தலைவலியைப் பற்றி நீ சொன்னது இரண்டு நாளாக மனசிலேயே கிடக்கிறது. "ஸ்கேன் எடுத்தாச்சும்மா, ஒண்ணுமே இல்லைன்னுட்டாங்க. அப்படியும் மாசம் ரெண்டு நாள் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்துக்கறா." அந்த 'அப்படியும்'தான் என்னைப் பேனா எடுக்க வைத்தது. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் ஒரு தடவையாவது முழுசாகப் படிப்பாய்.

ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். கட்டி, ரத்தக்கசிவு மாதிரி வேறு ஏதும் இல்லை என்று உறுதிசெய்யத்தான் அதை எடுப்பது. இது மூளை நரம்புகள் வேலை செய்கிற விதத்தில் வரும் கோளாறு, படத்தில் விழாது. வலி பொய் என்று அந்த ரிப்போர்ட்டில் எங்கேயும் எழுதியிருக்காது, வேண்டுமானால் எடுத்துப் பார்.

இங்கே தெருவெல்லாம் புளி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். திண்ணைக்குத் திண்ணை டக் டக்கென்று விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இன்றைக்கு எனக்கு அது வெறும் சத்தம். 20 வருஷத்துக்கு முன்னால் ஒவ்வொரு தட்டும் என் இடது நெற்றிப்பொட்டில்தான் விழும். ஜன்னல் இடுக்கில் வருகிற வெயில் கண்ணைக் குத்தும். பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் வயிறு புரட்டும். உங்கள் ஆயா, பாவம், கெட்டவள் இல்லை. ஆனாலும் "களி கிண்டற அன்னிக்குப் பார்த்து இவளுக்குத் தலைவலி வந்துடும்" என்று வாசலில் உட்கார்ந்து சொல்வாள். அது கதவு வழியாக எனக்குக் கேட்கும்.

நீ அப்போது ஏழாவது படித்தாய். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவு சாத்தியிருப்பது தெரிந்தால் தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவாய், செயின் சத்தம்கூட எனக்குக் கேட்கக் கூடாது என்று. உனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

நான் பட்ட வைத்தியத்தையும் கேள். பவர் கண்ணாடி போட்டேன். சைனஸ் என்று இரண்டு வருஷம் ஆவி பிடித்தேன். தாயத்துகூடக் கட்டினார்கள், டீச்சர் கையில் தாயத்து என்று பிள்ளைகள் சிரித்தன. அப்புறம் மருந்துக்கடை மாத்திரை. முதலில் மாதத்துக்கு நாலு, பிறகு வாரத்துக்கு நாலு, கடைசியில் காலையில் டிபன் டப்பாவோடு மாத்திரை அட்டையையும் பைக்குள் வைக்கிற நிலைமை. 46 வயதில் தருமபுரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் போனபோது அவர் கேட்ட முதல் கேள்வியே, மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை போடுகிறீர்கள் என்பதுதான். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்பு மாத்திரைகளையும் ஒற்றைத் தலைவலிக்கென்றே இருக்கிற டிரிப்டான் வகையையும் 10 நாளோ அதற்கு மேலோ, மாதக்கணக்கில் போட்டுக்கொண்டே இருந்தால் அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவருமாம். எனக்கு நடந்தது அதுதான். அவர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் இரண்டு வாரம் நரகம், பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தது. மருமகள் எத்தனை போடுகிறாள் என்று உனக்குத் தெரியுமா? திட்டுகிற குரலில் கேட்காதே, ஒளித்துவைத்துப் போட ஆரம்பித்துவிடுவாள். நான் செய்தேன்.

அந்த டாக்டர் சொல்லித்தான் தினசரி காலண்டர் தாளில் குறித்துவைக்கத் தொடங்கினேன். வலி வந்த நாளுக்குப் பெருக்கல் குறி, தூரமான நாளுக்கு வட்டம். மூன்று மாதத்தில் பார்த்தால் பெருக்கலும் வட்டமும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. மாதவிலக்குக்கு ஓரிரு நாள் முன்னால் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது, அந்த இறக்கம்தான் பல பெண்களுக்கு வலியைக் கிளப்பிவிடுகிறது. சின்ன வயதில் பையன், பெண் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இந்த நோய் இருக்கும். வயதுக்கு வந்த பிறகு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்காகிவிடுகிறது. "மாசம் ரெண்டு நாள்" என்றாயே, எந்த இரண்டு நாள் என்று காலண்டரைப் பார்.

என் தாளில் இன்னும் சிலது சிக்கின. விரதமிருந்து காலைச் சாப்பாட்டைத் தள்ளிய வெள்ளிக்கிழமைகள். தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு வெயிலில் நடந்த நாட்கள். தலைக்குக் குளித்தால் வலி வருவது நம் நாட்டுப் பெண்களிடம் உண்டு என்று டாக்டர்களே எழுதியிருக்கிறார்களாம். நான் சொன்னபோதெல்லாம் சிரித்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவளுக்கு இதில் எதுவுமே இல்லாமலும் போகலாம். ராத்தூக்கமாக இருக்கலாம், ஆபீஸ் ஏசியாக இருக்கலாம். அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும், நீ துப்பறியக் கிளம்பிவிடாதே.

வலி மட்டும்தான் நோய் என்றும் நினைக்காதே. முதல் நாளே கொட்டாவி மேல் கொட்டாவி வரும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். வலி 4 மணி நேரத்திலிருந்து 3 நாள் வரைக்கும் நிற்கும். விட்ட மறுநாள் உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி கிடக்கும். அந்த மறுநாள்தான் "இப்போ சரியாயிடுச்சே, இன்னும் என்ன" என்று கேட்பார்கள். நீயும் கேட்டிருப்பாய்.

டாக்டர் கொடுத்த மாத்திரையை வலி லேசாகத் தொடங்கும்போதே போட வேண்டும். பொறுத்துப் பொறுத்து வாந்தி வந்த பிறகு போட்டால் அது வயிற்றிலேயே கிடக்கும். மாதத்தில் பல நாள் வருகிறது என்றால் வராமல் தடுக்கத் தினமும் போடுகிற மருந்துகள் தனியாக இருக்கின்றன. எனக்கு ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, அதனால் என் சீட்டைப் பார்த்து நீ வாங்கிவிடாதே. குழந்தைக்கு யோசிக்கிறீர்கள் என்றால் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்தத் தடுப்பு மருந்துகளில் வால்ப்ரோயேட், டோபிராமேட் போன்றவை வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல்.

இன்னொன்று. அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று கூச்சப்படாதே. வலிக்கு முன்னால் அவள் கண்ணில் மின்னல் கோடு நெளிகிறதா, எழுத்து பாதி மறைகிறதா என்று கேள். அப்படி இருந்தால், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை கூடாது. பக்கவாத ஆபத்தைக் கூட்டும். டாக்டரிடம் இதை அவளே சொல்ல வேண்டும், கேட்காமலே விட்டுவிடுவார்கள்.

தலையில் இடி விழுந்த மாதிரி ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் வலுவிழப்பது, நாளைக்குக் கர்ப்பத்திலோ பிரசவத்துக்குப் பிறகோ புதிதாகக் கடும் தலைவலி வருவது, இதெல்லாம் வேறு கணக்கு. அன்றைக்குப் படுக்க வைக்காதே, நேராக ஆஸ்பத்திரி.

மற்ற நாளில் திரைச்சீலையை இழுத்துவிடு. டிவியை அணை. ஈரத்துணி ஒன்று கொடு. தைலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதே, சிலருக்கு இதம், எனக்கு அந்த வாசனையே குமட்டும், கேட்டுச் செய். சோறு நீ வை. தாளிப்பு வேண்டாம், ரசம் கூட வேண்டாம், தயிர் போதும். விருந்தாளி வந்தால் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று வாசலிலேயே சொல். உங்கப்பா ஒரு நாள்கூட அதைச் சொன்னதில்லை, நான் எழுந்து போய்க் காப்பி போடுவேன்.

எனக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வலி படிப்படியாகக் குறைந்துவிட்டது. ஆனால் அவளுக்கு 29 வயதுதான் ஆகிறது. அதுவரைக்கும் பொறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கேழ்வரகு மாவும் கொட்டை எடுத்த புதுப்புளி இரண்டு கிலோவும் பார்சல் போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் பண்ணுகிறேன். அவள் படுத்திருந்தால் எழுப்பாதே, நீ வராந்தாவுக்கு வந்து பேசு.

அம்மா