வீட்டு முகப்புக்கு லட்சங்கள். இசை வந்துசேர ஒரு பைப்கூட இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம், கூடுவாஞ்சேரி எனச் சென்னையின் தெற்குப் புறநகர் முழுவதும் எழும்பிவரும் புதிய வீடுகளின் தோற்றத்துக்கும், அந்த வீடுகளுக்குள் இணையம் வழியாக இசை கேட்பவர்கள் நாள்தோறும் படும் தொல்லைக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்பதைத் தங்கள் நாளிதழின் மூலம் வாசகர்களுக்கும், கட்டட விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். இளமை முதல் கர்நாடக இசையைக் கேட்டு வருபவன். இணைய நிறுவனத்தை மாற்றுவதாலும் கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் கட்டணம் செலுத்துவதாலும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீருவதில்லை என்றும், கட்டடம் எழும்பும்போதே செய்ய வேண்டிய ஒரு சிறு வேலையைச் செய்யாமல் விடுவதே இதற்கு முதற்காரணம் என்றும் உறுதியாக நம்புகிறேன்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, நகருக்குள் வேலையும் புறநகரில் வீடும் என்ற வாழ்க்கை இப்பகுதி மக்களுக்குப் பழகிவிட்டது. குடியிருப்புகள் தெற்கே செங்கல்பட்டை நோக்கி நீண்டுகொண்டே போக, சபாக்கள் பெரும்பாலும் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அவற்றின் சுற்றுவட்டாரத்திலுமே இருக்கின்றன. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஆயினும் மார்கழியில் இரவு கச்சேரி முடிந்து பெருங்களத்தூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ திரும்பிச் செல்ல முடியாத முதியவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் ஆகியோருக்கு அந்தப் பெருமையில் என்ன பங்கு இருந்தது? கொரோனாக் காலத்தில், 2020-ல், சபாக்கள் கச்சேரிகளை இணையத்தில் வழங்கத் தொடங்கியபோதுதான் அவர்களுக்கு முதன்முறையாக முன்வரிசை கிடைத்தது. ஆகவே வீட்டில் தடையின்றி இசை கேட்க முடிவதை வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடக் கூடாது.

இசைக்கு அதிக இணைய வேகம் தேவை என்பது பரவலாக இருக்கும் தவறான எண்ணம். பிரபலமான இசைச் செயலிகள் பல ஆண்டுகளாக உயர்தரம் என்று வழங்கி வந்த ஒலிக்கு நொடிக்கு 320 கிலோபிட் போதும். குறுந்தகட்டின் தரத்தில், அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், இரண்டு தடங்கள் என்ற கணக்கில், எவ்விதச் சுருக்கமும் இன்றி அனுப்பினாலும் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மெகாபிட்தான் ஆகும். நொடிக்கு 100 மெகாபிட் தரும் சாதாரண ஃபைபர் இணைப்பு அதைப்போல் எழுபது மடங்கைச் சுமக்கும். அப்படியிருந்தும் மாடி அறையில் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கிறது என்றால், வீட்டு வாசல்வரை சரியாக வந்த தரவு, ரவுட்டரிலிருந்து ஒலிபெருக்கிக்குப் போகும் கடைசிச் சில அடிகளில் தடுமாறுகிறது என்றே பொருள்.

வைஃபை இரண்டு அலைவரிசைகளில் பெரிதும் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸில் சுமார் 6 சென்டிமீட்டர். பின்னது வேகமானது, ஆனால் சுவர்களைக் கடப்பதில் பலவீனமானது. கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம் இவ்விரண்டையுமே பெருமளவு மங்கச் செய்துவிடும். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் விரிசல் விழாமலிருக்கப் பூச்சுக்குள் வைக்கும் கோழிவலையின் கண்கள் அலைநீளத்தைவிட மிகச் சிறியவை என்பதால், வலை உள்ள அந்தப் பட்டை ரேடியோ அலைக்கு ஏறக்குறைய ஒரு இரும்புத் தகடுதான். ஃபால்ஸ் சீலிங்கைத் தாங்கும் தகரச் சட்டங்கள், அலமாரிக் கதவின் ஆளுயரக் கண்ணாடி, எல்லா வீட்டுப் படுக்கையறையிலும் நிற்கும் இரும்பு பீரோ ஆகியவை எஞ்சியதையும் திருப்பி அனுப்புகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைச் சற்று நன்றாகக் கடக்கும் என்றாலும், அதில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நம் தெருக்களில் எத்தனை வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றையே பங்கிட்டுக்கொள்கின்றன என்பதை எந்தக் கைபேசியின் வைஃபை பட்டியலைத் திறந்தாலும் காணலாம். புளூடூத்தும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே வட்டாரத்தில்தான் இயங்குகின்றன.

பதிவுசெய்த பாடலைச் செயலி முன்கூட்டியே சிறிது சேமித்து வைத்துக்கொள்வதால் சிறு தடைகள் தெரியாமல் போகும். நேரலைக் கச்சேரியில் அந்த அவகாசம் குறைவு. காணொளியில் ஒரு காட்சி துள்ளினால் கண் மன்னித்துவிடும். மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில், கோர்வை எனப்படும் தாளக்கட்டின் நடுவே அரை நொடி விடுபட்டால், கையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கோர்வையே இல்லாமல் போய்விடும். தம்புராவின் நாதம் அறுந்து மீண்டும் ஒட்டும்போது ஆலாபனையில் ஆழ்ந்திருந்த மனம் கலைந்துவிடுகிறது. இதை அனுபவித்தவர்கள் நான் மிகைப்படுத்துவதாகக் கருதமாட்டார்கள்.

இனி வீடுகளின் தோற்றத்துக்கு வருகிறேன். நங்கநல்லூரிலும் சேலையூரிலும் இன்னும் எஞ்சியிருக்கும் அறுபது, எழுபதுகளின் வீடுகளைப் பாருங்கள். கம்பி அழி போட்ட முன்தாழ்வாரம், ஜன்னலுக்கு மேல் அகலமான சன்ஷேட், காற்றுக்காக விட்ட சிமென்ட் ஜாலி, ஆழமில்லாத ஒற்றை மாடி என்று அவை வெயிலையும் மழையையும் அறிந்து கட்டப்பட்டவை. அவற்றுக்கும் முந்தைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளின் கூரையோ தேக்கு உத்தரங்களின் மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை இட்டது. அதில் கம்பிக்கட்டே கிடையாது. அந்த வீடுகளை இசைக்காக யாரும் கட்டவில்லைதான். எனினும் அவற்றில் ஓர் ஓரத்தில் வைத்த சிறிய ரவுட்டர் வீடு முழுவதையும் எட்டிவிடுகிறது.

இன்று கட்டப்படும் வீட்டுக்கு எலிவேஷன் எனப்படும் முகப்புத் தோற்றம்தான் எல்லாமும். கீழே தூண்களுக்கிடையே வண்டி நிறுத்தும் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே சன்ஷேட் இல்லாத சதுரப் பெட்டிகள், சாம்பல் நிறத்திலோ மரநிறத்திலோ ஏசிபி தகடு, மாடிப்படிக்கு முன்னே நீல நிறத்தில் ரிஃப்ளெக்டிவ் கண்ணாடி என்று மேடவாக்கத்தில் ஒரு தெருவைப் பார்த்தால் எல்லாத் தெருக்களையும் பார்த்ததாகிவிடுகிறது. ஏசிபி என்பது இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. அந்த அலுமினியம் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு பருமனே இருந்தாலும் கைபேசிக் கோபுரத்திலிருந்து வரும் அலையைத் தடுத்துத் திருப்ப அது தாராளமாகப் போதும். உலோகப் பூச்சுள்ள கண்ணாடியும் அவ்வாறே செய்கிறது. வைஃபை தடுமாறும்போது கைபேசியின் சொந்த இணைப்புக்கு மாறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், அந்த வழியையும் முகப்பே அடைத்துவிடுகிறது. சன்ஷேட் இல்லாததால் ஜன்னலைத் திறக்க முடிவதில்லை. ஜன்னல் மூடியே இருப்பதால் ஏசி ஓடுகிறது. இந்தத் தோற்றம் நம் வெயிலுக்கும் ஏற்றதல்ல, நம் காதுக்கும் ஏற்றதல்ல என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

உள்ளேயும் பாருங்கள். தரையில் வழுவழுப்பான விட்ரிஃபைடு டைல்ஸ், புட்டி தேய்த்த வெற்றுச் சுவர், எதிரெதிரே கண்ணாடி என்று அமைந்த கூடத்தில் ஒலி எதிலும் அடங்காமல் சுற்றிச்சுற்றி எதிரொலிக்கிறது. விலை உயர்ந்த ஒலிபெருக்கி வாங்கி வைத்தும் பாடகரின் சொற்கள் புரியவில்லை என்று குறைப்படுபவர்கள், குறையை இணையத்திலும் கருவியிலும் மட்டுமே தேடுகிறார்கள். கனத்த திரைச்சீலை, ஜமக்காளம், நிறைந்த புத்தக அலமாரி ஆகியவை இருந்தாலே இதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இத்தனை செலவு செய்து அலங்கரித்த முகப்பை முதல் மாதத்திலேயே கெடுப்பதும் இதே கவனக்குறைவுதான். ஃபைபர் கம்பி உள்ளே வர வழி எதுவும் விடப்படாததால், இணைப்புக் கொடுக்க வருபவர் மின்கம்பத்திலிருந்து கம்பியை இழுத்து, பால்கனி வழியாகக் கொண்டுவந்து, ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் துளையிட்டு உள்ளே விடுகிறார். மீதிக் கம்பி சுருளாக வெளிச்சுவரில் தொங்குகிறது. துளை விழுந்த இடத்துக்கு அருகில்தான் ரவுட்டரும் அமரும். அது பெரும்பாலும் வீட்டின் ஒரு கோடியில், தொலைக்காட்சிக்குக் கீழே, மூடிய மர அலமாரிக்குள். அங்கிருந்து இரண்டு சுவர்களையும் ஒரு தளத்தையும் கடந்து மாடி அறைக்குச் சங்கராபரணம் போய்ச்சேர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

ஏற்கெனவே கட்டிய வீடுகளில் இருப்போர் சிலவற்றைச் செய்யலாம். ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். ஓரிடத்தை விட்டு நகராத ஒலிபெருக்கிக்கும் தொலைக்காட்சிக்கும் கம்பி வழியாகவே இணைப்புக் கொடுத்துவிட்டால் காற்றில் நெரிசலும் குறையும். நிறுவனம் தந்த பெட்டியோடு தாமாக வாங்கிய ரவுட்டரையும் சேர்த்து இரண்டு தனித்தனி வலையமைப்புகளை இயக்குவோர், கைபேசி ஒன்றிலும் ஒலிபெருக்கி மற்றொன்றிலும் இருப்பதால்தான் ஒன்றை ஒன்று கண்டுகொள்வதில்லை என்பதை அறிய வேண்டும். இரண்டில் ஒன்றின் ரவுட்டர் வேலையை நிறுத்திவிட்டால் இது தீரும். வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவிகளை வாங்குவோரும், அவற்றுக்கிடையே கம்பி ஓடினால்தான் முழுப் பயன் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கம்பியை எங்கே ஓட்டுவது என்ற கேள்வியில்தான் எல்லாம் வந்து நிற்கிறது.

தளம் வார்க்கும் முன்பு மின்விளக்குக்கும் மின்விசிறிக்கும் எலக்ட்ரீஷியன் பைப் போடுகிறார். அதே நாளில், அதே ஆட்களைக் கொண்டு, வாசலிலிருந்து வீட்டின் நடுவே உள்ள ஓரிடத்துக்கும், அங்கிருந்து ஒவ்வொரு அறைக்கும் 25 மில்லிமீட்டர் பிவிசி பைப் ஒன்றைத் தனியாகப் போட்டுவிட்டால் போதும். மின்கம்பி ஓடும் பைப்புக்குள்ளேயே இதையும் திணிக்கக் கூடாது. கேட்6 எனப்படும் இணையக் கம்பி 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் சுமக்கும். எந்தப் புறநகர் வீட்டுக்கும் அது தாராளம். நாளை வேறு வகைக் கம்பி வந்தாலும் பழையதை உருவிவிட்டுப் புதியதை நுழைக்கலாம். முகப்புத் தகடுகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டே அல்ல. வீடு முடிந்தபின் செய்ய நினைத்தாலோ சுவரை வெட்ட வேண்டும், அல்லது சுவரின் மேல் கேசிங் பட்டையை ஒட்டி அழகைக் கெடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கான சிந்தனை அரசு நிலையில் இல்லாமல் இல்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பில் தகவல் தொடர்பு வசதிகளுக்கெனத் தனிப் பிரிவே உண்டு. கட்டடங்களின் டிஜிட்டல் இணைப்பு வசதிக்குத் தர மதிப்பீடு வழங்கும் விதிமுறைகளைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 அக்டோபரில் வெளியிட்டது. ஆனால் அது விரும்பியவர்கள் மட்டும் பெறும் மதிப்பீடு; பெரிய அடுக்குமாடித் திட்டங்களும் வணிக வளாகங்களும் அதை நாடக்கூடும், முடிச்சூரில் அரை கிரவுண்டில் வீடு கட்டுபவர் நாடமாட்டார். அவருக்குப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்தான். 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, சாதாரண மேஸ்திரிகூட அதை வரைபடத்தைப் பார்க்காமலே செய்யக் கற்றுக்கொண்டதை நாம் அறிவோம். விதி ஒன்று வந்தால் பழக்கமும் வரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது.

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் இரண்டு தள வீடுகளுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையவழியாக உடனடி அனுமதி வழங்கப்படுகிறது. புறநகரின் தனிவீடுகளில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் அடங்குபவையே. ஆகவே அந்த விண்ணப்பத்தில், தெருவிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கும் அங்கிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தகவல் தொடர்புக் கம்பிக்கான தனிப் பைப் அமைக்கப்படும் என்ற உறுதிமொழியைச் சேர்க்குமாறு வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையையும், சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். கட்டுநர்கள் தங்கள் விளம்பரங்களில் எலிவேஷன் படத்தோடு இந்தப் பைப்களின் வரைபடத்தையும் வெளியிட முன்வர வேண்டும்; வீடு வாங்குவோரும் முன்பணம் கொடுக்கும் முன் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
சேலையூர், தாம்பரம்.