தீர்ப்பு நடுவரிடமே இருக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் கணினி, கைப்பேசி விளையாட்டு லீக்குகளை இனி பிளாக்செயினே (பல கணினிகளில் சேர்ந்து காக்கப்படும், எழுதினால் அழிக்க முடியாத மின்பதிவேடு) நடத்திக்கொள்ளும், ஏற்பாட்டாளரை நம்ப வேண்டியதில்லை, நடுவரும் வேண்டியதில்லை என்ற பேச்சு கல்லூரி வளாகங்கள் வரை வந்துவிட்டது. நான் சதுரங்க நடுவர். கரூர், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளில் கைப்பேசி விளையாட்டுப் போட்டி வைத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

இந்தப் பேச்சில் பாதி நியாயமானது. பரிசுத் தொகையை முன்கூட்டியே ஸ்மார்ட் கான்ட்ராக்டில், அதாவது நிபந்தனை நிறைவேறியதும் தானாகப் பணத்தை அனுப்பும் பிளாக்செயின் நிரலில், போட்டுப் பூட்டிவிட்டால், ஏற்பாட்டாளர் நினைத்தாலும் அதில் கை வைக்க முடியாதபடி செய்யலாம். என் அக்கா மகனின் அணி ஒரு இணைய லீக்கில் இரண்டாமிடம் பிடித்தது. பணம் அடுத்த வாரம் வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்றவர்கள் கடைசியில் வாட்ஸ்அப் குழுவையே கலைத்துவிட்டார்கள். பையன்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? இந்த வயிற்றெரிச்சலுக்கு பிளாக்செயின் மருந்தென்றால் வாங்கிக்கொள்ள நான் தயார்.

தீர்ப்பையும் அதனிடம் ஒப்படைப்பதில்தான் எனக்குச் சம்மதமில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று நடந்த இணையவழி செஸ் ஒலிம்பியாட் இறுதிப்போட்டி பலருக்கு நினைவிருக்கும். ரஷ்யாவுடன் மோதிய இந்திய அணியில் நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்கிற்கும் ஆட்டத்தின் நடுவே இணையம் அறுந்தது. கடிகாரம் நிற்கவில்லை. நேரம் தீர்ந்து இருவரும் தோற்றதாகப் பதிவானது. ரஷ்யா வென்றதாகவும் ஆனது. இந்தியா மேல்முறையீடு செய்தது. உலகெங்கும் பல இணையதளங்களை முடக்கிய கோளாறு அது. உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் தலைவர் டிவோர்கோவிச் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இரு நாடுகளுக்கும் தங்கம் என்று அறிவித்தார். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் வாதாட ஒரு மனிதர் இருந்தார். கடிகாரத்தில் பூஜ்ஜியம் விழுந்ததும் பரிசை அனுப்பிவிடும் நிரலிடம் யார் போய் முறையிடுவது?

மேல்முறையீட்டுக்கு அவகாசம் வைத்தே நிரல் எழுதலாம் என்பார்கள். தாராளமாக எழுதலாம். அந்த அவகாசத்துக்குள் முடிவு சொல்வது யார்? சுற்றி வந்தாலும் நடுவர்தான்.

பிளாக்செயினுக்குக் கண் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு கல்லூரிப் போட்டியில் திரையில் ஓடிய பெயர் முதலாண்டு மாணவனுடையது. மேசைக்கு அடியில் கைப்பேசியில் ஆடிய விரல்கள் பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் அண்ணனுடையவை. நான் குனிந்து பார்த்ததால் பிடித்தேன். பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பொய், யாராலும் அழிக்க முடியாத பதிவாக நிலைத்திருக்கும்.

பூட்டும் அப்படியொன்றும் இரும்புப் பூட்டல்ல. 2022 மார்ச்சில் ஆக்ஸி இன்ஃபினிட்டி என்ற இணைய விளையாட்டின் பணம் புழங்கிய ரோனின் என்ற பிளாக்செயின் வலையமைப்பில் 60 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. பணத்தை வெளியே எடுக்க ஒப்புதல் தரும் மின்சாவிகள் மொத்தம் ஒன்பது. ஐந்து கையில் இருந்தால் போதும். அதில் நான்கு ஒரே நிறுவனத்திடம். பணம் போன செய்தியே ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அதுவும் ஒருவர் தன் பணத்தை எடுக்க முடியாமல் புகார் செய்த பிறகு.

ஆகவே லீக் தொடங்குவோருக்கு ஒரு வேண்டுகோள். சாவிகளைப் பிரித்துக் கொடுங்கள். அணிகளின் பிரதிநிதியிடம் ஒன்று, நடுவர் குழுவிடம் ஒன்று இருக்கட்டும். பரிசை ரூபாயில் கொடுங்கள். டோக்கனாக, அதாவது பிளாக்செயினில் புழங்கும் மின்காசாகக் கொடுத்து அதன் விலை சரிந்தால், அந்த நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க நம் வருமான வரிச் சட்டம் இடம் தருவதில்லை. லாபம் வந்தாலோ 30 சதவீதம் வரி. பத்தொன்பது வயதுப் பையனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

இப்படிக்கு,
சதுரங்க நடுவர் ஒருவர்,
கரூர்.