மைனிக்கு, ஏழாம் மாதத்தில்

மைனி,

போன ஞாயிற்றுக்கிழமையோடு பாப்பாவுக்குப் பால் மறக்கடித்துவிட்டேன். மார்பு கட்டிக்கொண்டு வலிக்கிறது, ஆனாலும் முடிவு முடிவுதான். இந்த நேரம் பார்த்து அண்ணன் போனில் உங்களைப் பற்றிச் சொல்கிறான், "அவளுக்குத்தான் பால் கிடையாதே, இந்தத் தடவை பிறந்ததுமே பவுடர்தான்." பின்னாலிருந்து நீங்களும் "ஆமா" என்றீர்கள். அந்த ஆமாவுக்குத்தான் இந்தக் கடிதம்.

இதை எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று கோபம் வரும். நம் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான், நேரில் வந்தாலோ உங்களோடு தனியாகப் பேச விடமாட்டார்கள். மார்த்தாண்டத்துச் சொந்தமும் பாறசாலைச் சொந்தமும் இதைப் படிக்கும் என்று தெரியும், அதனால் சில இடங்களில் பேர் சொல்லாமல் போகிறேன்.

பாப்பா பிறந்த அந்த மூன்றாம் ராத்திரி. ஆபரேஷன் என்றால் பால் இறங்கக் கொஞ்சம் தாமதமாகும் என்று நர்ஸ் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, நீங்கள் பவுடர் டப்பாவோடு வந்து நின்றீர்கள். "உங்களுக்கு இல்லேன்னா எனக்கும் இருக்காதா" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அப்படிக் கேட்டதற்கு மன்னியுங்கள். டப்பாவை வேண்டாம் என்றதற்கு இல்லை.

அதன் பிறகும் நீங்கள் போகவில்லையே. கையைக் கழுவிவிட்டு வந்து பிள்ளைக்குப் பால் புகட்டும் பாலாடையைப் பிடித்தீர்கள், நர்ஸ் காட்டித் தந்தபடி நான் காம்பைச் சுற்றியுள்ள கருப்புக்குப் பின்னால் விரல் வைத்து அழுத்தினேன். ரொம்ப நேரம் கழித்து மஞ்சளாகக் கொஞ்சம் வந்தது, பாலாடை மூக்கில் ஒட்டிக்கொண்டு வழியவே இல்லை. நீங்கள் சுண்டுவிரலால் வழித்து அவள் உதட்டில் தடவினீர்கள். அவள் சப்பினாள். அப்போது என்னைப் பார்க்காமல் சொன்னீர்கள், "எனக்கும் இதேதான் வந்துச்சு பிள்ளே, கெட்ட பாலு, பீச்சிக் களைன்னு சொன்னாவ."

யார் சொன்னது என்று இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அது சீம்பால் மைனி, பிள்ளை பெற்றதும் முதலில் ஊறும் பால். முதல் நாளில் பிள்ளைக்கு ஒரு தடவைக்குச் சில மில்லிதான் வேண்டும், அதற்கு அது போதும். உங்கள் பயலை மஞ்சள் காமாலை என்று விளக்கின் கீழே வைத்தபோது உங்களை யாராவது ராத்திரியும் பகலுமாகப் பீச்சச் சொன்னார்களா? பால் எடுக்க எடுக்கத்தான் ஊறும், எடுக்காவிட்டால் போதும் என்று உடம்பு நிறுத்திக்கொள்ளும். பிள்ளையும் வராமல், பீச்சவும் இல்லாமல், அப்புறம் "இவளுக்குப் பால் இல்லை" என்று ஒரு தீர்ப்பு. இதை அன்று ராத்திரியே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று பேசாமல் இருந்தேன், அது சரிதானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு அந்த டப்பாவை அலமாரியில் என் கண்ணில் படும்படி வைத்தீர்களே, அதை நான் மறக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரத்திலிருந்து பத்து மணி வரை அவள் விடாமல் குடிப்பாள், விட்டால் அழுவாள். பச்சைப்பிள்ளைகள் சாயங்காலம் அப்படித்தான். "மாரு தொளதொளன்னு கிடக்கு, இதுல என்ன இருக்கப் போவுது" என்றீர்கள். சில வாரத்தில் மார்பு இளகுவது பால் வற்றியதற்கு அடையாளமே இல்லை. உங்களைப் போலவே நானும் ஆகிவிட வேண்டும் என்று நினைத்தீர்களோ என்றுகூடத் தோன்றியது. உங்கள் அம்மா கொடுத்தனுப்பிய உலுவாக் கஞ்சியை, அந்த வெந்தயக் கஞ்சியை, வேளை தவறாமல் சூடாக்கித் தந்ததும் நீங்கள்தான். அது உடம்பைத் தேற்றியது, பாலை ஊறவைத்தது அவள் குடித்த குடிதான்.

இந்தத் தடவை பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்லுங்கள், ஆபரேஷனாக இருந்தாலும் கேளுங்கள். காம்பை மட்டும் கவ்வ விடாதீர்கள், வாய் நன்றாகத் திறந்து கருப்பும் உள்ளே போக வேண்டும். ஒரு நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை. ராத்திரிப் பாலை விடவே கூடாது, பால் ஊறவைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதல். பிரித்து வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீச்சிப் பாலாடையில் கொடுங்கள். மார்பைப் பார்க்காதீர்கள், துணியைப் பாருங்கள்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பிள்ளைக்குப் பால் கிடைக்கிறது. முதலில் கொஞ்சம் எடை குறையும், இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் டாக்டர் சொல்கிறபடி பவுடரும் கொடுக்கலாம், அதில் ஒரு குறைச்சலும் இல்லை, உங்கள் பயல் அதில்தான் ஓடியாடி வளர்ந்தான். தைராய்டு மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது சரியில்லை என்றாலும் பால் குறையும்.

பேறுகாலத்துக்கு நான் வந்து தங்குகிறேன். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் இருப்பேன், கெட்ட பால் என்று யார் வந்து சொன்னாலும் நான் பேசிக்கொள்கிறேன், அது நம் வீட்டு ஆளாகவே இருந்தாலும். வரட்டுமா வேண்டாமா என்று நீங்களே சொல்லுங்கள், அண்ணனிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.