மாற்றித் தந்த ரேம் ஸ்டிக்கில் ஸ்டிக்கர் அதே, சிப் வேறு: முழு கிட்டையும் மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்
வாரண்டி கோரிய வாடிக்கையாளர்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 32 ஜிபி டிடிஆர்5-6000 கிட் (16 ஜிபி × 2). வாரண்டியில் மாற்றித் தந்த ஸ்டிக் அச்சிட்ட வேகத்தில் பிழை தருவது, அதற்கு உங்கள் சர்வீஸ் பிரிவு தந்த தவறான ஆலோசனைகள் குறித்து.

ஐயா / அம்மையீர்,

உங்கள் கிட்டின் ஸ்டிக்கரில் 6000 (வேகம்), 30-38-38-96 (டைமிங், அதாவது ரேம் ஒவ்வொரு வேலைக்கும் காத்திருக்க வேண்டிய க்ளாக் எண்ணிக்கை), 1.35 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறது. பெட்டியின் மேல் "ஜோடியாகச் சோதித்தது" என்றும் இருக்கிறது. இரண்டில் ஒரு ஸ்டிக் பழுதானபோது, ஜோடியையே அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "பழுதானதை மட்டும் அனுப்பினால் போதும்" என்று உங்கள் சர்வீஸ் பிரிவு மின்னஞ்சலில் எழுதியது. சிக்கல் தொடங்கிய இடம் அதுதான். திரும்பி வந்த ஸ்டிக்கில் மாடல் எண்ணும் அச்சிட்ட எண்களும் மாறவில்லை. சிப் மட்டும் மாறியிருக்கிறது. சிபியு-இசட் மென்பொருளின் எஸ்பிடி (ஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும் விவரம்) பக்கத்தில் பழைய ஸ்டிக்குக்குச் சிப் தயாரிப்பாளர் ஹைனிக்ஸ் என்றும் புதியதற்கு சாம்சங் என்றும் காட்டுகிறது. இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

(வந்த பார்சலில் ஆன்டிஸ்டாட்டிக் கவர் கூட இல்லை. வெறும் பபிள் உறையில் சுற்றி, டேப் ஒட்டி அனுப்பியிருந்தீர்கள். இது தனிப் புகார் அல்ல, ஆனால் கவனியுங்கள்.)

கணினி விவரம்: ரைசன் 7 7700 ப்ராசஸர், பி650 போர்டு, போர்டு தயாரிப்பாளர் கடைசியாக வெளியிட்ட பயாஸ். ஸ்டிக்குகள் ஏ2, பி2 ஸ்லாட்டுகளில், அதாவது ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் இருக்கின்றன. பயாஸில் எக்ஸ்போ ப்ரொஃபைல் (அச்சிட்ட வேகத்தையும் டைமிங்கையும் எஸ்பிடியிலிருந்து எடுத்து வைப்பது) ஒன்றை ஆன் செய்ததைத் தவிர வேறெதையும் தொடவில்லை. மெமரி கன்ட்ரோலர் (ப்ராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதி) ரேமின் க்ளாக்கோடு 1:1 விகிதத்தில் 3000 மெகாஹெர்ட்ஸ், இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் (ப்ராசஸரின் உள் இணைப்பு) 2000 மெகாஹெர்ட்ஸ், போர்டு தானாக வைத்த எஸ்ஓசி வோல்டேஜ் (மெமரி கன்ட்ரோலர் இருக்கும் பகுதிக்குப் போவது) 1.2. இந்தத் தலைமுறை ரைசனுக்கு 6000 என்பது சிரமமான வேகம் அல்ல. 6000-க்கு மேல் போனால்தான் போர்டுகள் பெரும்பாலும் விகிதத்தை 1:2 ஆக இறக்கிவிடும்.

சோதனை முடிவு இது. எக்ஸ்போவை அணைத்து சாதாரண வேகமான 4800-இல் ஓடவிட்டால் இரண்டு ஸ்டிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனையில் சுத்தம். எக்ஸ்போவில் பழைய ஸ்டிக்கைத் தனியாகப் போட்டால் அதுவும் சுத்தம். அதே ஸ்லாட்டில் புதியதைத் தனியாகப் போட்டால் பிழை. ஸ்லாட்டை மாற்றினாலும் பிழை ஸ்டிக்கோடுதான் போகிறது. ஆக, போர்டு, ப்ராசஸர், ஸ்லாட் மூன்றின் மீதும் பழி போட வழியில்லை. விண்டோஸில் டெஸ்ட்மெம்5 என்ற ரேம் சோதனையை ஓட்டினாலும் இதே கதை. அன்றாடப் பயன்பாட்டில் இது பெரிய ஜிப் கோப்பைப் பிரிக்கும்போது சிஆர்சி (தரவு கெட்டதைக் காட்டும்) பிழையாகவும், அவ்வப்போது மெமரி மேனேஜ்மென்ட் நீலத்திரையாகவும் வருகிறது.

இனி உங்கள் பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம். மற்ற எண்களை அப்படியே விட்டு, இரண்டாவது எண்ணான டிஆர்சிடியை மட்டும் 38-இலிருந்து 40 ஆக்கினால் புதிய ஸ்டிக் பிழையே இல்லாமல் ஓடுகிறது. ரேமுக்குள் ஒரு வரிசையைத் திறந்ததும், அதன் செல்களில் இருக்கும் மின்னூட்டம் உணர் பெருக்கிகளுக்கு வந்து நிலைகொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்த வரிசையிலிருந்து படிக்க முடியும். இந்த இடைவெளிதான் டிஆர்சிடி. 6000 வேகத்தில் க்ளாக் அதில் பாதியான 3000 மெகாஹெர்ட்ஸ், ஒரு க்ளாக் 0.333 நானோசெகண்ட் என்பதால் 38 க்ளாக் 12.67 நானோசெகண்ட், 40 க்ளாக் 13.33 நானோசெகண்ட். புதிய ஸ்டிக்கின் சிப்புக்கு அந்த 0.67 நானோசெகண்ட் தேவைப்படுகிறது.

இது சாம்சங் சிப்பின் குறை அல்ல. அந்தச் சிப்பைப் போட்டு 30-40-40 என்று எழுதி விற்கிற 6000 கிட்டுகள் சந்தையில் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்புக்கும் அதற்குப் பொருந்தும் எண் தொகுப்பு ஒன்று உண்டு. ஹைனிக்ஸுக்குப் பார்த்து எழுதிய ப்ரொஃபைலை வேறு சிப்பின் எஸ்பிடியில் அப்படியே ஏற்றி, ஸ்டிக்கரையும் ஒட்டியது உங்கள் வேலை.

"அப்படியானால் 40 வைத்தே ஓட்டிக்கொள்ளுங்கள், கேமில் வித்தியாசம் தெரியாது" என்று உங்கள் பிரதிநிதி தொலைபேசியில் சொன்னார். தெரியாது என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் போர்டு இரண்டு ஸ்டிக்குக்கும் பொதுவாக ஒரே டைமிங் தொகுப்பைத்தான் வைக்கிறது. நல்ல ஸ்டிக்கும் சுமாரானதன் எண்ணுக்கு இறங்க வேண்டியதாகிறது. 30-38-38 என்று அச்சிட்டுக் காசு வாங்கிவிட்டு, 30-40-38-ஐத் தந்து, கையால் திருத்திக்கொள் என்பது வாரண்டி ஆகாது. நாளைக்கு பயாஸ் அப்டேட் செய்தாலோ சிமாஸ் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ அந்தத் திருத்தமும் போய்விடும்.

இதைவிடக் கவலை தருவது உங்கள் சர்வீஸ் பிரிவு பிடிஎஃப் ஆக அனுப்பிய "செட்டிங் பரிந்துரை" தாள்.

அதில் முதல் வரி, எஸ்ஓசி வோல்டேஜை 1.4 ஆக்குங்கள் என்கிறது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில கருகிய செய்திகள் வந்ததும், ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜுக்கு 1.3 என்று உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பின் வந்த பயாஸ்கள் அந்த வரம்போடுதான் வருகின்றன. பழைய பயாஸ் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் தாளை நம்பி 1.4 வைத்தால், உங்கள் ரேமுக்காக அவருடைய ப்ராசஸரே போகக்கூடும். அதோடு, எஸ்ஓசி வோல்டேஜ் உதவுவது ப்ராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலருக்கு. ஸ்டிக்கில் இருக்கும் சிப்பின் டிஆர்சிடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்க்கச் சொன்ன கணக்குத்தான்.

இரண்டாவது, ரேம் வோல்டேஜை 1.45 ஆக்கச் சொல்கிறது. வோல்டேஜுக்கு மசிவது பெரும்பாலும் முதல் எண்ணான சிஎல். டிஆர்சிடி அதற்கு அவ்வளவாக அசையாது. கூடுவது சூடு மட்டுமே.

மூன்றாவது, "வேகம் கூட" டிஆர்இஎஃப்ஐ (ரேம் செல்களின் மின்னூட்டத்தைப் புதுப்பிக்கும் இடைவெளி) 65535. டிடிஆர்5-இல் சாதாரணப் புதுப்பிப்பு இடைவெளி 3.9 மைக்ரோசெகண்ட். 6000 வேகத்தில் அது 11700 க்ளாக். 65535 என்றால் ஏறத்தாழ 21.8 மைக்ரோசெகண்ட், ஐந்து மடங்குக்கும் மேல். செல்லில் உள்ள மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும், சூடு ஏற ஏறக் கசிவும் கூடும். 85 டிகிரிக்கு மேல் புதுப்பிப்பை இரண்டு மடங்கு அடிக்கடி செய்ய வேண்டும் என்பது தர விதி. ரேமுக்குக் காற்று வசதி செய்து, வெப்பத்தைப் பார்த்துப் பார்த்து இந்த எண்ணை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் தெரிந்து செய்கிறார்கள். ஏற்கெனவே பிழை தரும் ஸ்டிக்குக்கு, வோல்டேஜையும் கூட்டிவிட்டு, இதைப் பரிந்துரைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

நான்காவது வரி, மெமரி கன்டெக்ஸ்ட் ரீஸ்டோரை ஆன் செய்து பவர் டவுனை (ரேம் சும்மா இருக்கும்போது மின்சாரத்தைக் குறைப்பது) ஆஃப் செய்யச் சொல்கிறது. ஏஎம்5 (இந்த ரைசன் பொருந்தும் சாக்கெட்) போர்டுகளில் இந்த இரண்டும் சேர்ந்தே ஆனில் இருக்க வேண்டியவை. முதலாவது, ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் ரேம் ட்ரெய்னிங் (போர்டு ரேமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது) செய்யாமல் பழைய மதிப்புகளையே எடுத்துக்கொள்ளும். பவர் டவுனை அணைத்துவிட்டு அதை மட்டும் ஆன் செய்தால், நன்றாக இருக்கும் ரேமே நீலத்திரை காட்டக்கூடும். சிக்கல் ஸ்டிக்கிலா செட்டிங்கிலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போவதுதான் மிச்சம்.

கடைசியாக வந்த பதில்: "6000 என்பது ஓவர்க்ளாக், வாரண்டி 4800-க்கு மட்டும்." ஏஎம்டியின் கணக்கில் அது ஓவர்க்ளாக்தான். ரைசன் 7000-க்கு அவர்கள் அதிகாரபூர்வமாகச் சொல்வது 5200 வரை. என் ப்ராசஸர் 6000-இல் தடுமாறியிருந்தால் உங்களிடம் வந்திருக்கவே மாட்டேன். இங்கே தடுமாறுவது ஸ்டிக். 6000 என்பது நான் பயாஸில் இஷ்டத்துக்கு எழுதிய எண் அல்ல, நீங்கள் எஸ்பிடியில் எழுதி, பெட்டியில் அச்சிட்டு, அதற்கென்று விலை வைத்து விற்ற எண். வாரண்டி 4800-க்குத்தான் என்றால் பெட்டியில் அதைப் பெரிதாக அச்சிட்டு, 4800 விலைக்கு விற்றிருக்க வேண்டும்.

"பூட் ஆகிறதே" என்பதும் பதில் அல்ல. விண்டோஸ் திறப்பதால் ரேம் சரி என்று ஆகாது. "டிடிஆர்5-இல் ஈசிசி (பிழை திருத்தும் வசதி) இருக்கிறது" என்றும் உங்கள் பிரிவில் ஒருவர் எழுதியிருந்தார். சிப்புக்குள் இருக்கும் அந்த ஈசிசி, 128 பிட்டுக்கு ஒரு பிட் பிழையைத் திருத்தும். அதற்கு மேல் தவறாகப் படித்தவற்றையோ, சிப்புக்கும் ப்ராசஸருக்கும் இடையே போகும் வழியில் கெட்டவற்றையோ அது பிடிக்காது. திருத்தியிருந்தால் மெம்டெஸ்ட்86 ஏன் சிவப்புக் காட்டுகிறது?

உங்கள் பணிமனை இதைச் சரிபார்க்க வேண்டுமானால், ஏதாவது ஒரு ஏஎம்5 போர்டில் ஏ2-வில் புதிய ஸ்டிக்கை மட்டும் போட்டு, சிமாஸ் க்ளியர் செய்து, எக்ஸ்போவை ஆன் செய்து, ட்ரெய்னிங் முடிய சில நிமிடம் விட்டுப் பிறகு மெம்டெஸ்ட்86-ஐ நான்கு பாஸ் ஓட்டட்டும். அடுத்து டிஆர்சிடியை 40 ஆக்கி மீண்டும் ஓட்டட்டும். 4800-இல் ஓட்டிப் பார்த்து "குறை இல்லை" என்று திருப்பி அனுப்ப வேண்டாம். 4800-இல் குறை இருப்பதாக நான் சொல்லவே இல்லை.

நான் கேட்பது: ஒரே வகை சிப் உள்ள, ஜோடியாகச் சோதித்த, 6000, 30-38-38, 1.35 வோல்ட் கிட் ஒன்றை முழுதாக மாற்றித் தாருங்கள். இரண்டு ஸ்டிக்கையும் ஒரே பார்சலில் அனுப்புகிறேன், இருபக்க கூரியர் செலவும் உங்களுடையது. அந்த வகை தயாரிப்பில் இல்லையென்றால் அதற்குச் சமமான அல்லது மேலான கிட்டைத் தாருங்கள். அதுவும் முடியாதென்றால் பில்லில் உள்ள முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள். 4800 கிட் எதையும் ஏற்கமாட்டேன். 1.4 வோல்ட் தாளைத் திரும்பப் பெற்றுவிட்டதாக எழுத்தில் வேண்டும், இதுவரை அதைப் பெற்ற மற்ற வாடிக்கையாளர்களுக்கும் தெரிவியுங்கள்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பொருளின் குறைபாடு, சேவைக் குறைபாடு இரண்டையும் காட்டி, நான் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்வேன். பில் நகல், இரண்டு எஸ்பிடி ஸ்கிரீன்ஷாட்டுகள், மெம்டெஸ்ட்86 அறிக்கைகள், உங்கள் செட்டிங் தாள், ஒரு ஸ்டிக் போதும் என்ற மின்னஞ்சல் ஆகியவை இணைப்பில் உள்ளன. புதிய ஸ்டிக்கை இப்போது கணினியிலிருந்து கழற்றி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புவதானால், ஆன்டிஸ்டாட்டிக் கவரும் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்