பாப்பா, உன் படக்கதையைப் படித்துவிட்டேன்

பாப்பாவுக்கு,

நீ வரைந்து அனுப்பிய நம்ம வேலூர்க் காதல் படக்கதையை செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், சரிப்படவில்லை, கடையில் கொடுத்து பேப்பரில் எடுத்து வந்து இரண்டு முறை படித்தேன். அம்மாவும் படித்தாள். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. காட்பாடி ஜங்ஷனில் ரயில் போன பிறகு அந்தப் பையன் மக்கன் பேடா இனிப்பு டப்பாவோடு நிற்கிறானே, அந்தப் பக்கத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அப்படியே இருக்கட்டும், யார் சொன்னாலும் அங்கே வசனம் வைக்காதே.

நான் முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். 1972-ல் இரும்புக்கை மாயாவி கதையோடு ஆரம்பித்தது அது, எங்கள் தெருவில் ஒரு புத்தகம் பத்து வீடு சுற்றிவிட்டு அட்டை இல்லாமல்தான் திரும்பி வரும். எல்லாம் துப்பறிகிறவர்கள், உளவாளிகள், கௌபாய்கள். நம்ம ஊர்ப் பையனும் பெண்ணும் பாகாயம் பஸ்ஸில் சில்லறை தேடித் தவித்துச் சிரிக்கிற கதை எதுவும் அப்போது என் கைக்கு வரவில்லை.

முடிவில் ஒரு சாவு வைத்தால் கதை கனமாகும் என்று உன் தோழி சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம் பாப்பா. காதல் என்ற சொல் கேட்டாலே வீட்டில் குரல் உயர்கிற ஊர்கள் நம்முடையவை. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பயமில்லாமல் படித்துச் சிரிக்க ஒரு காதல் கதை வேண்டும், அதை நீ எழுதியிருக்கிறாய், கடைசிப் பக்கம் வரை அவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கட்டும்.

சில இடங்களை மட்டும் மாற்று. பாலாற்றுப் பாலத்துக்குக் கீழே தண்ணீர் நிரம்ப வரைந்திருக்கிறாய். 2021 நவம்பர் வெள்ளத்தில் அப்படி ஓடியது உண்மைதான், ஆனால் உன் கதை மே மாதத்தில் நடக்கிறது, மணலும் முள்செடியும்தான் தெரிய வேண்டும். அந்த வெயிலில் மத்தியானம் கோட்டை அகழியோரக் கல்லில் யாரும் உட்காரவும் முடியாது, சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றிவிடு, நிழலும் நீளமாக விழும். அப்புறம் அந்தப் பையன் பேசுவது. கொசப்பேட்டைப் பையன் "வந்துகொண்டிருக்கிறேன்" என்றா சொல்வான்? "வந்துகினு இருக்கேன்" என்பான், "இன்னா பண்ற" என்று கேட்பான். நம்ம பேச்சை எழுத வெட்கப்படாதே.

பேச்சுக் குமிழ்களும் சிறியவை. ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்த அளவுக்கே குமிழை வரைந்துவிட்டாய் போல, தமிழ்ச் சொல் நீளம், அதனால் பாதிச் சொல் உடைந்து அடுத்த வரிக்குப் போகிறது, படிக்கிறவர் அங்கே தடுக்கி நின்றால் காதல் வசனத்தின் சுகம் போய்விடும். முதலில் எழுத்தை எழுதிவிட்டு அதைச் சுற்றிக் குமிழை வரைந்து பார்.

ஜலகண்டேஸ்வரர் கோயில் காட்சியில் தூண்கள் வெறுமையாக இருக்கின்றன. அங்கேதான் அவள் முதல் முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், அந்த இடம் நிறைந்து இருக்க வேண்டாமா? பொங்கலுக்கு வரும்போது நோட்டும் பென்சிலும் எடுத்து வா. அந்தக் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் செதுக்கிய குதிரைகளையும் யாளிகளையும் நேரில் பார்த்து வரையலாம். எவ்வளவு நேரமானாலும் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா